ஜோசப் சலூன் முதல் ஸ்ரீ கதிரேசன் வீதி வரை: மல்லிகை ஜீவா நினைவாக



ஜனவரி 28, ‘மல்லிகை’ ஆசிரியர் டொமினிக் ஜீவா அவர்கள் காலமான நாள். 2021இல், தமது 93ஆவது வயதில் கொழும்பில் கண்மூடினார். இந்த நாளில் வழக்கமாக அவருடைய படமும் இரண்டு வரி அஞ்சலியும் முகநூலில் ஓடும். நாம் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று நினைத்தோம். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நமது தமிழ் அயலவர்கள் போடும் மரண அறிவித்தல்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் பேரனும் ஆவார் என்று போகும். (யாழ்ப்பாணத்தவர்க்குப் பேரன் என்றால் பாட்டனார். நாம் மூத்தாப்பா என்கிறோமே, அவர். நமது பிள்ளைகள் இதை வாசித்துவிட்டு, “மௌத்தானவருக்கு அவ்வளவு சின்ன வயசா?” என்று கேட்பதுண்டு.) நமது ஜனாஸா அறிவித்தலும் கிட்டத்தட்ட அதே அமைப்புத்தான். பெயருக்கு முன்னால் தொழில் வரும். ஓய்வுபெற்ற அதிபர், பிரபல வர்த்தகர், முன்னாள் கிராம சேவையாளர். ஆனால் முடிதிருத்துநர் என்று தொழிலைப் போட்ட ஓர் அறிவித்தலை இத்தனை வருடத்தில் நாம் கண்டதில்லை. அந்தத் தொழில் செய்தவர்கள் மரணிக்காமலா இருக்கிறார்கள்? பிள்ளைகள் போட விரும்புவதில்லை, அவ்வளவுதான்.

ஜீவா அவர்களின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு விஷயத்தோடு மல்லுக்கட்டிய வாழ்க்கை என்றே நமக்குப் படுகிறது.

1927 ஜூன் 27இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். கஸ்தூரியார் வீதியில் தகப்பனாரின் பெயரில் ஜோசப் சலூன். படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டது. காரணம் வறுமை மட்டுமல்ல. வகுப்பில் ஓர் ஆசிரியர் அவருடைய சாதியையும் குலத்தொழிலையும் இழுத்துப் பேசி, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவமானப்படுத்தினார். அந்தக் காயத்தை ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற தமது சுயசரிதையில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அந்தப் பக்கங்களை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். நாம் வகுப்பில் சொன்னது மணி அடித்ததும் நமக்கு மறந்துவிடும். கேட்ட பிள்ளைக்கு அறுபது வயதிலும் அது ஞாபகம் இருக்கும்.

பள்ளியை விட்ட பிள்ளை சலூனுக்குத்தான் போனது. அந்தக் காலத்து சலூன் எப்படி என்று வயதானவர்களுக்குத் தெரியும். பத்திரிகை இருக்கும், வாங்கு இருக்கும். முறைக்குக் காத்திருக்கும் மனிதர்கள் அரசியலும் ஊர்ப் புதினமும் கதைப்பார்கள். ஜோசப் சலூனில் இலக்கியமும் சேர்ந்துகொண்டது. தமக்குப் பல்கலைக்கழகம் அந்த சலூன்தான் என்று ஜீவா அவர்கள் பிற்காலத்தில் மேடை மேடையாகச் சொன்னார். கேட்பவர்கள் நெளிந்தாலும் சொன்னார்.

இந்தியாவில் கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் தோழர் ப. ஜீவானந்தம் தலைமறைவாக யாழ்ப்பாணம் வந்திருந்தார். அவருடைய பழக்கமும் பேச்சும்தான் இளைஞர் டொமினிக்கின் பெயரோடு ‘ஜீவா’ சேர்ந்ததற்குக் காரணம். பிறகு கதைகள். 1960இல் வந்த முதல் தொகுதி ‘தண்ணீரும் கண்ணீரும்’ இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. பின்னர் ‘பாதுகை’, ‘சாலையின் திருப்பம்’. ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளவும், தேநீர்க் கடையில் உட்காரவும், கோயிலுக்குள் போகவும் போராடிக்கொண்டிருந்த யாழ்ப்பாணம் அது. அதே அணியில் கே. டானியல் போன்றோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

1966 ஓகஸ்ட் 15இல் ‘மல்லிகை’ முதல் இதழ் வந்தது. முதலீடு என்று சொல்ல ஒன்றுமில்லை. முகவரி அதே கஸ்தூரியார் வீதி. ஒரு கையால் தலைமுடி வெட்டி, மறு கையால் சஞ்சிகை நடத்தினார் என்று சிலர் இதைக் கதை போலச் சொல்வார்கள். நடந்தது அதைவிடச் சிரமமானது. எழுதி வாங்க வேண்டும், அச்சகத்தில் நின்று பார்க்க வேண்டும், பிறகு அந்தக் கட்டைத் தாமே சுமந்துகொண்டு தெருத் தெருவாக விற்க வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் பை. அந்தப் பைக்குள் எப்போதும் மல்லிகை. நிகழ்ச்சி முடிந்து வாசலில் நிற்பவரிடம் ஒரு பிரதியை நீட்டிக் காசு கேட்க அவர் கூச்சப்பட்டதே இல்லை. இலவசமாகக் கொடுத்தால் மதிப்பில்லை என்ற எண்ணம் அவருக்கு.

இப்படி ஒரு மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமா? மாதா மாதம் கடதாசிக் காசும் அச்சுக் கூலியும் கேட்கும் ஒரு பத்திரிகையும் அந்த வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி வளர்ந்தது. மாதச் சம்பளம், பென்சன் எதுவும் இல்லை. வீட்டுக்குள் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அந்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரிய கதை, அதை நாம் எழுதக்கூடாது. ஆனால் மல்லிகையின் நானூறு சொச்சம் இதழ்களிலும் ஆசிரியர் என்று அச்சான ஒரு பெயருக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது என்பதை ஊர் மறந்துவிடக்கூடாது.

மல்லிகையின் பெரிய காரியம் எதுவென்று கேட்டால், நாம் அட்டைப்படத்தைத்தான் சொல்வோம். சினிமா நட்சத்திரங்களின் முகமே அட்டையில் வந்த காலத்தில், இந்த மண்ணின் எழுத்தாளர்கள், கலைஞர்கள், ஆசிரியர்கள், சமூகத் தொண்டர்கள் என்று உயிரோடிருக்கும் மனிதர்களின் முகங்களை மாதந்தோறும் போட்டார். உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரையும் இருக்கும். மௌத்தான பிறகு புகழ்வது நமக்கெல்லாம் கைவந்த கலை. இவர் மனிதர்களை அவர்கள் வாசிக்கும்படியாகவே பாராட்டினார். அந்தக் கட்டுரைகள் ‘அட்டைப் பட ஓவியங்கள்’ போன்ற நூல்களாகவும் வந்தன. தமிழர், முஸ்லிம், மலையகத்தவர், சிங்களவர் என்று அந்த வரிசையில் எல்லோரும் உண்டு.

நமது சமூகம் அவருக்குப் பட்ட கடனை இங்கே சொல்லியே ஆகவேண்டும். மாத்தறை மாவட்டத்தில் சிங்கள ஊர்களுக்கு நடுவே இருக்கும் திக்குவல்லையிலிருந்து முஸ்லிம் இளைஞர்கள் தமிழில் எழுதத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்திலிருந்த இந்தக் கத்தோலிக்கக் குடும்பத்துக் கம்யூனிஸ்ட் அவர்களைத் தேடிப் பிடித்துப் போட்டார். திக்குவல்லைச் சிறப்பிதழே வெளியிட்டார். திக்குவல்லை கமால் அவர்கள் அப்படி மல்லிகையில் வளர்ந்தவர். மேமன் சமூகத்தில் பிறந்து தமிழைத் தமது கவிதை மொழியாக்கிக்கொண்ட மேமன்கவி அவர்கள் கடைசிவரை ஜீவாவின் பக்கத்தில் இருந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டு யாழ்ப்பாணத்துச் சோனகத் தெரு வெறிச்சோடிப் போனதை நாம் மறக்கவில்லை. அதே யாழ்ப்பாணத்திலிருந்து நமது பிள்ளைகளுக்கு வருடக்கணக்காக ஒரு கதவு திறந்திருந்ததையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இரண்டும் வரலாறுதான்.

1995இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. ஜீவா அவர்களும் கொழும்புக்கு வந்தார். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ நமது கொழும்பு 13இல், 201 1/1 ஸ்ரீ கதிரேசன் வீதியில் மல்லிகையை மறுபடி தொடங்கினார். ‘மல்லிகைப் பந்தல்’ என்ற பெயரில் புத்தகங்களும் போட்டார். பாரம் தூக்கும் நாட்டாமைமாரும், நகைக்கடைச் சனமும், தள்ளுவண்டிகளும் நெருக்கும் அந்தப் பகுதியில் ஓர் இலக்கியச் சஞ்சிகையின் காரியாலயம் இருந்தது என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த பலருக்குத் தெரியாது. அங்கிருந்து வெள்ளவத்தை கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடக்கும் கூட்டங்களுக்கும் பையோடு வந்துவிடுவார். 2012 வரை சஞ்சிகையை இழுத்துக்கொண்டு போனார். 2013ஆம் ஆண்டுக்கான கனடா இலக்கியத் தோட்டத்தின் இயல் விருது அவருக்குக் கிடைத்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கௌரவ முதுமாணிப் பட்டம் தர முன்வந்தபோது அவர் வேண்டாம் என்றுவிட்டார். கர்வம் என்று அப்போது கதைத்தவர்கள் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பறையிலிருந்து அவமானத்தோடு வெளியேறிய மனிதருக்குத் தமது உழைப்பின் பெறுமதியைத் தாமே நிர்ணயிக்கும் உரிமை உண்டு.

இனி, சிலருக்குக் கசக்கக்கூடிய ஒரு விஷயம். இதெல்லாம் யாழ்ப்பாணத்துத் தமிழருடைய சாதிப் பிரச்சினை, இஸ்லாத்தில் சாதி இல்லை என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? மார்க்கத்தில் இல்லை, உண்மை. ஊரில்? ஒஸ்தா மாமா என்று அன்பாகக் கூப்பிடுவோம். பிள்ளைக்கு முடியிறக்கவும் கத்னா செய்யவும் அவரைக் கூப்பிட்டு, பணமும் துணியும் கொடுத்து மரியாதையாக அனுப்புவோம். ஆனால் அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு கல்யாணப் பேச்சு வந்தால் எத்தனை வீட்டில் குரல் மாறுகிறது? ஒஸ்தா குடும்பத்துப் பிள்ளை படித்து நல்ல நிலைக்கு வந்ததும், மூத்தாப்பாவின் தொழிலை மறைத்துக்கொண்டு வேறு ஊரில் குடியேறும் கதை நமக்குத் தெரியாததா? ஹஜ்ஜுக்குப் போகும் கோடீஸ்வரரும் இஹ்ராமிலிருந்து விடுபட, பெரும்பாலும் ஒரு முடிதிருத்துபவரின் முன்னால் தலையைக் குனியத்தான் செய்கிறார். அந்தத் தலையோடு ஊருக்கு வந்து இறங்கியதும் குலம் பார்ப்பதை என்னவென்று சொல்வது?

ஜீவா அவர்கள் தமது பேரப்பிள்ளைகளுக்கு மறைக்க வேண்டிய எதையும் விட்டுவைக்கவில்லை. தகப்பனின் பெயரையும், சலூனின் பெயரையும், தாம் செய்த தொழிலையும் தமது கையாலேயே எழுதி அச்சிட்டு வைத்துவிட்டுப் போனார். கணவர், தந்தை, பேரன் என்ற வரிசையோடு ‘சலூன் தொழிலாளி’ என்பதையும் யாராலும் அழிக்க முடியாதபடி சேர்த்துவிட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழைய மல்லிகை இதழ்கள் பெரும்பாலானவை நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உயர்தரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பரணில், வாப்பாவின் அலுமாரியில் மல்லிகை இதழ்கள் இருந்தால் பழைய பேப்பர்காரருக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். யாருடைய வாப்பாவோ மூத்தாப்பாவோ மல்லிகை அட்டையில் வந்திருந்தால், அந்த அட்டையைப் படமெடுத்து, அவர் என்ன தொழில் செய்தார் என்பதையும் சேர்த்து, கீழே கருத்துப் பகுதியில் போடுங்கள்.