பவர் யோகா

பவர் யோகா அல்லது வலிமை யோகா என்பது உடல் வலிமை, தசைகளின் தாங்குதிறன், சமநிலை ஆகியவற்றை முதன்மை நோக்கமாகக் கொண்டு, யோகாசனங்களை மூச்சோடு இணைத்து இடைவெளியின்றித் தொடராகச் செய்யும் பயிற்சி முறை ஆகும். இதற்கு எடைக்கருவிகள் தேவையில்லை. பயில்பவரின் உடல் எடையே சுமையாக அமைகிறது. ஆறடி நீளமுள்ள சமதரையும் ஒரு விரிப்பும் போதும் என்பதால் வீட்டில் செய்யத்தக்க பயிற்சியாக இது பரவியுள்ளது.

இப்பெயர் 1990களில் அமெரிக்காவில் வழங்கத் தொடங்கியது. ஆனால் இதன் அடிப்படை 1930களில் மைசூரில் தி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) கற்பித்த முறையாகும். மைசூரில் சிறுவர்களுக்குக் கடும் பயிற்சி அளித்த அவரே, பிற்காலத்தில் சென்னையில் ஒவ்வொருவரின் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப ஆசனங்களை மாற்றிக் கற்பித்தார். வலிமைப் பயிற்சியை ஆசிரியரின்றி வீட்டில் செய்வோருக்கு இவ்விரண்டாம் அணுகுமுறை முக்கியமானதாகும்.

பெயர்

அமெரிக்காவில் பெரில் பெண்டர் பிர்ச், பிரயன் கெஸ்ட் ஆகிய இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பவர் யோகா என்னும் பெயரைப் பயன்படுத்தினர். பிர்ச் 1995இல் இதே பெயரில் நூல் வெளியிட்டார். இருவரும் அஷ்டாங்க வின்யாச யோகம் பயின்றவர்கள். அஷ்டாங்க வின்யாச யோகத்தில் ஆசனங்களின் வரிசை மாறாதது. பவர் யோகாவில் வரிசையை ஆசிரியரோ பயில்பவரோ அமைத்துக்கொள்ளலாம். இதுவே இரண்டிற்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஆகும்.

வரலாறு

பழைய நூல்களில் ஆசனம்

பதஞ்சலியின் யோகசூத்திரம் ஆசனத்தை நிலையானதும் சுகமானதுமான இருக்கை என்ற பொருளிலேயே குறிப்பிடுகிறது. தமிழில் திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தை விளக்குகிறது. அங்கும் பத்மாசனம் போன்ற அமர்ந்த நிலைகளே சிறப்பிடம் பெறுகின்றன. ஹதயோகப் பிரதீபிகையில் மயூராசனம், குக்குடாசனம் போன்ற, கைகளால் உடலைத் தாங்கும் ஆசனங்கள் உள்ளன. ஆகவே வலிமை தேவைப்படும் ஆசனங்கள் பழமையானவை. அவற்றைத் தொடராகக் கோத்துச் செய்யும் இன்றைய வடிவமோ 20ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது.

உடற்பயிற்சிக் கூடங்களின் தாக்கம்

இந்திய மல்லர்கள் நெடுங்காலமாகத் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றல் ஆகியவற்றைச் செய்து வந்தனர். ஔந்து சமத்தான அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி 1920களில் சூரிய வணக்கத்தை ஓர் உடற்பயிற்சியாகப் பரப்பினார். பெங்களூரில் கே. வி. ஐயர் (1897–1980) உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, உடற்கட்டுப் பயிற்சியோடு சூரிய வணக்கத்தையும் இணைத்தார். அவருடன் இணைந்து செயல்பட்ட யோகாசாரியர் சுந்தரம் 1920களின் இறுதியில் ஆசனங்களை உடற்பயிற்சி நோக்கில் விளக்கும் ஆங்கில நூலை வெளியிட்டார். இவர் தமிழிலும் யோக நூல்கள் எழுதியுள்ளார்.

மைசூர்

மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராச உடையாரின் ஆதரவில் கிருஷ்ணமாச்சாரியார் 1933 முதல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். அங்குப் பயின்றோரில் பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும் ஆவர். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவிச் செல்லுதல், ஒவ்வோர் அசைவையும் ஒரு மூச்சோடு இணைத்தல் ஆகியவை அப்பயிற்சியின் கூறுகள். அவரது யோக மகரந்தம் என்னும் நூல் கன்னடத்தில் 1934இலும் தமிழில் 1938இலும் வெளிவந்தது.

தாம் கற்பித்த முறை யோக குருண்டம் என்னும் பழைய நூலை ஒட்டியது என்ற செய்தி கிருஷ்ணமாச்சாரியார் வழியே வந்தது. அந்நூலின் படி எதுவும் கிடைக்கவில்லை. ஆய்வாளர் நார்மன் ஸ்யோமன் 1996இல் வெளியிட்ட நூலில், 1896ஆம் ஆண்டின் வியாயாம தீபிகை என்னும் உடற்பயிற்சி நூலில் உள்ள பயிற்சிகளுக்கும் மைசூர் முறைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். மார்க் சிங்கிள்டன் 2010இல் இவ்வாய்வை மேலும் விரிவுபடுத்தினார். இக்கருத்துக்களை ஏற்காதவர்களும் உள்ளனர்.

மைசூரில் பயின்றோருள் பட்டாபி ஜோயிஸ் (1915–2009), பி. கே. எஸ். ஐயங்கார் (1918–2014), இந்திரா தேவி (1899–2002) ஆகியோர் யோகத்தை உலகெங்கும் கொண்டு சென்றனர். ஜோயிஸ் 1948இல் மைசூரில் அஷ்டாங்க யோக ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, 1975இல் முதன்முறையாக அமெரிக்கா சென்று கற்பித்தார். பவர் யோகா இக்கிளையிலிருந்தே தோன்றியது.

சென்னை

மைசூர் யோகசாலை 1950இல் மூடப்பட்ட பின், கிருஷ்ணமாச்சாரியார் 1950களின் தொடக்கத்தில் சென்னையில் குடியேறினார். அங்கு அவரிடம் வந்தோரில் நோயாளிகளும் நடுத்தர வயதினரும் முதியோரும் இருந்தனர். அவர்களுக்குத் தாவிச் செய்யும் தொடர்களை அவர் கற்பிக்கவில்லை. ஆளுக்கேற்ப ஆசனத்தைத் தேர்ந்து, எளிதாக்கி, தனித்தனியே கற்பித்தார். இம்முறையைத் தொடர அவரது மகன் டி. கே. வி. தேசிகாச்சார் (1938–2016) 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தை நிறுவினார்.

வலிமை உருவாகும் முறை

பவர் யோகாவில் தசைகள் இரு வகையில் உழைக்கின்றன. வீரபத்திராசனத்தில் அசையாமல் நிற்கும்போது தசையின் நீளம் மாறுவதில்லை. ஆனால் அது தொடர்ந்து இறுகியே இருக்கிறது. சதுரங்க தண்டாசனத்தில் உடலை மெதுவாகக் கீழிறக்கும்போது புயத்தின் பின்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. மெதுவாக இறக்க இறக்கப் பயிற்சி கடினமாகிறது.

தண்டால் நிலையில் கைகள் மேனிலையில் உடல் எடையின் ஏறத்தாழ 69 விழுக்காட்டையும் கீழ்நிலையில் 75 விழுக்காட்டையும் தாங்குகின்றன என அளவீடுகள் காட்டுகின்றன. முழங்கால்களைத் தரையில் ஊன்றினால் இது முறையே ஏறத்தாழ 54, 62 விழுக்காடாகக் குறைகிறது. அதாவது 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கைகள் கீழ்நிலையில் 45 கிலோவைத் தாங்குகின்றன. முழங்கால் ஊன்றினால் 37 கிலோவைத் தாங்குகின்றன. தொடக்கநிலையினர் முழங்கால் ஊன்றிச் செய்வது சுமையை அளவோடு ஏற்றும் வழியாகும்.

முதன்மையான ஆசனங்கள்

* சூரிய வணக்கம்: அஷ்டாங்க முறையில் இதன் முதல் வகை 9 அசைவுகளும் இரண்டாம் வகை 17 அசைவுகளும் கொண்டது. உடலைச் சூடாக்கவும் முழு உடலுக்கும் வேலை கொடுக்கவும் உதவும்.
* பலகை நிலை, சதுரங்க தண்டாசனம்: மார்பு, தோள், புயம், வயிறு ஆகியவற்றை வலுப்படுத்தும். கீழிறங்கும்போது தோள் முழங்கை மட்டத்திற்குக் கீழே போகக்கூடாது.
* உத்கடாசனம்: நாற்காலியில் அமர்வது போன்ற நிலை. தொடையின் முன்தசை, பிட்டத்தசை ஆகியவற்றுக்கு உரியது.
* வீரபத்திராசனம்: மூன்று வகைகள் உண்டு. மூன்றாம் வகையில் ஒற்றைக்காலில் நின்று உடலைத் தரைக்கு இணையாக நீட்டுவதால் சமநிலை வளரும்.
* நாவாசனம்: படகு வடிவில் அமரும் நிலை. வயிற்றுத் தசைகளுக்கும் இடுப்பை மடக்கும் தசைகளுக்கும் உரியது.
* சலபாசனம், சேதுபந்தாசனம்: முதுகின் பின்புறத் தசைகளையும் பிட்டத்தையும் வலுப்படுத்தும்.
* வசிஷ்டாசனம்: ஒரு கையில் பக்கவாட்டில் உடலைத் தாங்கும் நிலை.
* பகாசனம், மயூராசனம்: கைகளால் முழு உடலையும் தாங்கும் நிலைகள். பல மாதப் பயிற்சிக்குப் பின்னரே முயலத்தக்கவை.

வீட்டுப் பயிற்சி ஒழுங்கு

ஏறத்தாழ 40 நிமிடப் பயிற்சியைப் பின்வருமாறு அமைக்கலாம்.

1. மணிக்கட்டு, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றை மெல்ல அசைத்தல் - 5 நிமிடம்
2. சூரிய வணக்கம், முதல் வகை 3 முதல் 5 சுற்று, இரண்டாம் வகை 2 சுற்று - 10 நிமிடம்
3. உத்கடாசனம், வீரபத்திராசனம், பக்கத்திற்கு 5 மூச்சு வீதம் - 8 நிமிடம்
4. பலகை நிலை, வசிஷ்டாசனம், நாவாசனம் - 6 நிமிடம்
5. சலபாசனம், சேதுபந்தாசனம் - 4 நிமிடம்
6. முன்வளைதல், சவாசனம் - 7 நிமிடம்

பயிற்சியைக் கூட்டும்போது முதலில் 5 மூச்சை 8 மூச்சாக உயர்த்துதல், அடுத்து கீழிறங்கும் வேகத்தைக் குறைத்தல், அதன் பின்னரே கடினமான ஆசனத்திற்கு மாறுதல் என்னும் வரிசை பாதுகாப்பானது. மூக்கு வழி மூச்சு சீராக ஓடும் வரையே ஒரு நிலையில் இருக்க வேண்டும். மூச்சு திணறுவதோ, அதை அடக்கிக்கொண்டு முக்குவதோ அந்நிலை தற்போதைய வலிமைக்கு மிஞ்சியது என்பதற்கு அடையாளம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வளர்ந்தோர் வாரத்தில் குறைந்தது இரு நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டும் எனக் கூறுகின்றன. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் தசைகள் தேறுவதற்கு நேரம் கிடைக்கும்.

வழவழப்பான சிமெண்டுத் தரையிலும் ஓட்டுத் தரையிலும் பாயும் ஜமக்காளமும் வழுக்கக்கூடும். கையூன்றும் ஆசனங்களுக்கு வழுக்காத விரிப்போ வெறுந்தரையோ ஏற்றது. முழு உணவு உண்டபின் மூன்று மணி நேரமாவது இடைவெளி தேவை.

உட்கார்ந்து வேலை செய்வோருக்கு

நெடுநேரம் தரையில் அமர்ந்து குனிந்தபடி வேலை செய்வோருக்கு இடுப்பின் முன்தசைகள் இறுகுவதும், பிட்டமும் மேல்முதுகும் வலுவிழப்பதும் இயல்பு. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, வெம்பக்கோட்டை, ஆலங்குளம் வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி வேலைகளில் இத்தகைய இருப்பு வழக்கமானது. இத்தகையோருக்கு முன்வளையும் ஆசனங்களைவிட சலபாசனம், சேதுபந்தாசனம், முதல் வகை வீரபத்திராசனம் ஆகியவை கூடுதல் பயன் தரும். வேதிப்பொருள் தூசி படிந்த உடையைக் களைந்து குளித்த பின்னரே பயிற்சி செய்ய வேண்டும். வெப்பம் மிகுந்த இப்பகுதியில் கோடைக்காலத்தில் விடியற்காலையே ஏற்ற நேரமாகும். மேலைநாட்டுக் கூடங்கள் சிலவற்றில் உள்ளதுபோல் அறையைச் சூடாக்கிச் செய்வது இங்குத் தேவையற்றது.

பயன்களும் வரம்புகளும்

அமைதியாக அமர்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலை 1 எனக் கொண்டால், 2011ஆம் ஆண்டின் உடலியக்கத் தொகுப்பு ஹதயோகத்துக்கு 2.5, சூரிய வணக்கத்துக்கு 3.3, பவர் யோகாவுக்கு 4.0 என மதிப்பிடுகிறது. இது மிதமான பயிற்சியின் அளவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 40 நிமிடம் செய்தால் ஏறத்தாழ 160 கிலோகலோரி செலவாகும். இது மூன்று அல்லது நான்கு இட்லிகளின் ஆற்றலே. எனவே பவர் யோகாவால் மட்டும் விரைவாக எடை குறையும் என்னும் விளம்பரங்கள் மிகையானவை.

தள்ளும் அசைவுகளும் தாங்கும் நிலைகளும் இதில் நிறைய உள்ளன. ஆனால் எடையைத் தன்னை நோக்கி இழுக்கும் அசைவு ஏறக்குறைய இல்லை. இதனால் முதுகின் இழுதசைகளும் கைப்பிடி வலுவும் போதிய அளவு வளர்வதில்லை. கிணற்றில் கயிறு கொண்டு நீர் இறைத்தல், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுத்தல் போன்றவை இக்குறையை ஈடுசெய்யும். தமிழ்நாட்டில் விழுப்புரம் போன்ற இடங்களில் பயிற்றப்படும் மல்லர் கம்பத்தில் இழுக்கும் அசைவு மிகுதியாக உள்ளது.

எச்சரிக்கைகள்

மணிக்கட்டு, தோள், தொடையின் பின்தசை ஆகியவையே பெரும்பாலும் காயமடையும் இடங்கள். களைத்த பின் சதுரங்க தண்டாசனத்தைத் தொடர்ந்து செய்வது தோளுக்குத் தீங்கானது.

சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகம் பயில்வோர் 75 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இருமடங்காக உயர்வது கண்டறியப்பட்டது. கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். உயர் குருதியழுத்தம், இதய நோய், முதுகுத் தண்டுவட்டுப் பிதுக்கம், குடலிறக்கம் ஆகியவை உள்ளவர்களும், கருவுற்றவர்களும், அண்மையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். மூட்டில் குத்தும் வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும்.

விமர்சனம்

பட்டாபி ஜோயிஸ் 1995இல் யோகா ஜர்னல் இதழுக்கு எழுதிய கடிதத்தில், தாம் கற்பித்த முறையை முழுமையாகக் கல்லாதோர் அதைப் புகழுக்கும் பொருளுக்கும் பயன்படுத்துவதாகப் பவர் யோகாவைக் கண்டித்தார். இயமம், நியமம், தியானம் முதலிய உறுப்புகளை விடுத்து ஆசனத்தை மட்டும் செய்வது யோகமாகாது என்பது பொதுவாகக் கூறப்படும் மற்றொரு குறை. தமிழ்நாட்டில் வேதாத்திரி மகரிசி (1911–2006) பரப்பிய மனவளக்கலையின் எளியமுறை உடற்பயிற்சிகள், வலிமையைவிட நலத்தையும் மன அமைதியையும் முன்னிறுத்துவன.

இதற்கு மாறாக, இளம் வயதினருக்கு உடலுழைப்பு மிகுந்த பயிற்சியும் முதியோருக்கு மென்மையான பயிற்சியும் கிருஷ்ணமாச்சாரியாரின் கற்பித்தலிலேயே இடம்பெற்றிருந்தன என்பதைப் பவர் யோகாவை ஆதரிப்போர் சுட்டுகின்றனர். இந்திய அரசு 2020 திசம்பரில் யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக ஏற்பளித்தது. இதன்பின் 2022இல் அரியானாவில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் யோகாசனமும் மல்லர் கம்பமும் சேர்க்கப்பட்டன.