அடுத்து எது மறையும்? குப்பி விளக்கைக் கேட்டுப் பார்ப்போம்

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் தரம் 9 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். "இன்று உங்கள் வீட்டில் இருக்கும் பொருட்களில், உங்கள் பிள்ளைகள் காலத்தில் இருக்காது என்று நீங்கள் நினைப்பவற்றை எழுதுங்கள்" என்றோம். அலாரம் மணிக்கூடு, வீட்டுப் போன், கல்குலேட்டர், ரேடியோ, காசுத் தாள், வெண்கட்டி என்று பட்டியல் நீண்டது. பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் ஒரு பிள்ளை மட்டும் கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தது: "குப்பி விளக்கு. அது போய்விட்டது. பிறகு திரும்பி வந்தது."

அந்த வரியை வாசித்தபின் பட்டியலைத் திருத்தக் கை வரவில்லை. நாங்கள் படிப்பிப்பது வரலாறு. வரப்போவதைச் சொல்லும் தொழில் எங்களுடையதல்ல. ஆனால் எங்கள் மலையில் போனவை எப்படிப் போயின என்று பார்த்தால், இனி எது போகும், அப்போது யாருக்கு வலிக்கும் என்பதை ஓரளவு கணிக்கலாம். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

*சத்தங்கள்*

தோட்டத்தில் விடியலை அறிவித்தது மணிக்கூடு அல்ல, தப்பு. தப்படித்து, கொம்பு ஊதி ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிட்ட காலத்தைத் தாத்தா பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பள்ளிவாசல் பக்கம் வந்தால் நகரா. பாங்குக்கு முன் நகரா அடித்தால் அடுத்த மேட்டு வீடு வரை கேட்கும் என்று எங்கள் உம்மும்மா சொல்வார். ஒலிபெருக்கி வந்ததும் நகரா பல ஊர்களில் மூலைக்குப் போனது. ஒன்றைவிட நன்றாக வேலை செய்யும் இன்னொன்று வந்தால் பழையது ஒதுங்கும். இது எல்லோருக்கும் தெரிந்த வழி. பிள்ளைகளின் பட்டியல் முழுவதும் இந்த ஒரு வழியை வைத்துத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் இன்னும் வழிகள் இருக்கின்றன.

*தகரமும் துண்டும்*

1901இல் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவருவதற்குத் தகர டிக்கட் முறை தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து வருபவரிடம் எண் பொறித்த ஒரு தகரத் துண்டு கொடுக்கப்படும். எந்தத் தோட்டத்துக்குப் போகும் ஆள் என்பதை அந்த எண் சொல்லும். பயணத்துக்கு ஆன செலவு கடனாக ஆளின் தலையில் ஏறும். வந்து சேர்ந்தபின் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் "துண்டு" வேண்டும். இந்த ஆள் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. ஒரு சின்னக் கடதாசி ஒரு குடும்பத்தையே ஒரு மலையில் கட்டிப்போட்டது.

துண்டு முறையைப் புதிய இயந்திரம் எதுவும் வந்து ஒழிக்கவில்லை. 1921இல் சட்டம்தான் அதை ஒழித்தது. ஆகவே ஒரு பொருள் காலாவதியாவதற்குக் கண்டுபிடிப்பாளர் தேவையில்லாமலும் இருக்கலாம். அது அநியாயம் என்று போதிய பேர் சொன்னாலும் போதும்.

*பழையதாயிருந்தும் போகாதது*

மூன்றாவது உதாரணம் எங்கள் ரயில் பாதை. ரயில் 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது. பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. கடைசித் துண்டுக்கு மட்டும் 30 வருடம்! ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரைச் சுற்றும் அந்தக் காலத்து உழைப்பு.

இந்த ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் மோதாமல் காத்தது என்ன தெரியுமா? ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிக் கொடுக்க, ரயில் சாரதி கைநீட்டி வாங்கும் அந்தப் பெரிய வளையம். அதன் தோல் பைக்குள் ஓர் உலோக வில்லை இருக்கும். டெப்லட் என்பார்கள். இங்கிலாந்தில் 1874இல் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதிய பின்னர், எட்வர்ட் டயர் என்பவர் உருவாக்கிய முறை இது. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள பெட்டிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால், அது திரும்பப் பெட்டிக்குள் போகும்வரை இரண்டு பக்கமும் இன்னொன்றை எடுக்க முடியாது. வில்லை கையில் இல்லாமல் சாரதி அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்படக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

உலகின் பெரும் பகுதி இதை நூதனசாலைக்கு அனுப்பிய பிறகும் எங்கள் மலைப் பாதையில் இது ஓடிக்கொண்டிருந்தது. உல்லாசப் பயணிகள் படம் எடுத்தார்கள். "இன்னுமா இது?" என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அனுமதி என்பது சாரதியின் கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளாக இருந்தது. அந்தப் பலம் சாதாரணமானதல்ல. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். பிறகு மீண்டும் வருவோம்.

*குப்பி விளக்கு*

இனி அந்தப் பிள்ளை எழுதிய வரிக்கு வருவோம்.

குப்பி விளக்கு எல்லோருக்கும் தெரியும். காலிப் போத்தல், மூடியில் ஒரு துளை, ஒரு திரி, மண்ணெண்ணெய். காசே இல்லாமல் செய்யலாம். லயத்துக் காம்பராவில் படிப்பு, சமையல், பிரசவம் எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தன. ஆனால் அது உயரமானது, பாரம் குறைந்தது. ஒரு பூனை உரசினால் சரிந்துவிடும். மூடி கழன்று, எண்ணெய் கொட்டி, தீப் பிடிக்கும். அப்படிச் சுட்டுக்கொண்ட தழும்போடு இருக்கும் ஒருவரையாவது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

இதைப் பற்றி எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "கரண்ட் வந்தால் இது போய்விடும்." அது உண்மைதான். ஆனால் கரண்ட் வரும்வரை எரியப்போகும் பிள்ளைகளுக்கு என்ன பதில்?

அந்தக் கேள்வியைக் கேட்டவர் நம் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் விஜய கொடகும்புர. தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களைப் பார்த்துச் சலித்த அவர், 1990களின் தொடக்கத்தில் விளக்கையே மாற்ற இறங்கினார். குட்டையாகவும் கனமாகவும் இருக்கும் மார்மைட் போத்தல்தான் அவருக்கு யோசனை கொடுத்தது. அவர் செய்த விளக்கின் பெயர் "சுதீப", அதாவது நல்ல விளக்கு. தடித்த கண்ணாடி, எளிதில் சரியாது. இரண்டு பக்கம் தட்டை, விழுந்தாலும் உருளாது. முறுக்கி மூடும் உலோக மூடி, எண்ணெய் சிந்தாது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஒழியப்போகிறது என்று எல்லோரும் சொல்லிவிட்ட ஒரு பொருளைத் திருத்த ஒரு டாக்டர் தன் வருடங்களைச் செலவழித்திருக்கிறார். புதுமை என்றால் வரப்போவதைச் செய்வது மட்டும்தான் என்று நினைக்கிறோம். போகப்போவதையும் பாதுகாப்பாகப் போக வைக்க வேண்டும் என்பதை இவரிடம்தான் நாங்கள் கற்றோம்.

*திரும்பி வந்த வருடங்கள்*

பிறகு கரண்ட் வந்தது. 2010களின் நடுப்பகுதியில் நாடு ஏறத்தாழ முழுதாக மின்சாரம் பெற்றுவிட்டது. குப்பி விளக்கு கதையாகிவிட்டது என்று நாங்களும் வகுப்பில் சொன்னோம்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டன. வெண்கட்டிக் காலம் முடிந்தது, இனி எல்லாம் போனில் என்றார்கள். லுணுகலைப் பக்கம் சிக்னல் தேடி மலையேறி, மரத்தின் மேல் கட்டிய குடிலில் இருந்து பிள்ளைகள் படித்ததை 2021இல் வெளிநாட்டுச் செய்திகள்கூடக் காட்டின. போன் வந்திருந்தது. அதற்கான அலை மேல் லயம் வரை வந்திருக்கவில்லை.

2022 இன்னும் பெரிய பாடம். மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டு. கடதாசிக் காலம் முடிந்துவிட்டது என்று பேசிக்கொண்டிருந்த அதே நாட்டில், கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. காஸ் அடுப்பு வைத்திருந்தவர்களும் விறகு பொறுக்கினோம். குப்பி விளக்கு திரும்பி வந்தது. ஆனால் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. புதியதும் இல்லை, பழையதற்கும் வழியில்லை. அந்த இடைவெளியில் நின்றது யார் என்று உங்களுக்கே தெரியும்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல். மண் சரிந்து பாதைகள் மூடின. எங்கள் மாவட்டத்தில் பல இடங்களில் கரண்டும் போனும் அறுந்தன. ரயில் பாதையும் உடைந்தது. கையில் இருந்த நல்ல போன் டோர்ச் ஆனது, பெட்டரி இறங்கியதும் அதுவும் இல்லை. இரண்டு பெட்டரி போட்ட பழைய ரேடியோ இருந்த வீட்டில்தான் செய்தி இருந்தது.

*ஆகவே, அடுத்து எது?*

எங்கள் கணிப்பைச் சொல்கிறோம். தவறினால் பத்து வருடம் கழித்து வந்து திட்டுங்கள்.

தனித்தனிப் பொருட்களாக இருக்கும் அலாரம் மணிக்கூடு, கல்குலேட்டர், சின்னக் கமரா, வீட்டுப் போன் எல்லாம் போய்விடும். ஏற்கெனவே போனுக்குள் புகுந்துவிட்டன. இதில் பெரிய நட்டம் இல்லை.

வெண்கட்டி, கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி இருக்கும். பெட்டரி ரேடியோவும் இருக்கும், அல்லது இருக்க வேண்டும். ரமழானில் மஃரிப் பாங்கை வானொலியில் கேட்டு நோன்பு திறக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கரண்ட் இல்லாத இரவில் மழை எச்சரிக்கையைக் கேட்க எங்களிடம் வேறென்ன இருக்கிறது? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவை மண் மூடியதை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை.

நாங்கள் பயப்படுவது வேறொன்றுக்கு. அது கடதாசிச் சிட்டை. கொழுந்து நிறுத்த கிலோ, செக்ரோலில் விழுந்த பேர், சம்பளத்தில் கழித்த தொகை எல்லாம் இனி கணினிக்குள் போகும். போவது நல்லதுதான். கணக்குப் பிழை குறையும், வேலை சுருங்கும். ஆனால் சிட்டை போகும்போது தொழிலாளியின் கையிலிருந்து அத்தாட்சியும் சேர்ந்து போய்விடக் கூடாது. றாத்தலிலிருந்து கிலோவுக்கு மாறியபோது அளவுதான் மாறியது. தராசு முள்ளைக் கண்ணால் பார்க்கும் உரிமை மாறவில்லை. இப்போது மாறப்போவது அந்த உரிமை. திரையில் தெரிவதை யாருக்குக் காட்டுவார்கள்? தமிழில் காட்டுவார்களா? மூன்று மாதம் கழித்து "அன்று 18 கிலோ எடுத்தேன்" என்று ஓர் அம்மா சொன்னால் எதைக் காட்டிச் சொல்வார்?

ரயில் சாரதியின் கையில் வில்லை இருந்தது என்று சொன்னோமே, அதுதான். பழைய பொருள் போகலாம். கையில் இருந்த அத்தாட்சி போகக் கூடாது. போனில் ஒரு குறுஞ்செய்தியாகவாவது அந்தக் கிலோ தமிழில் அவர் கைக்கு வர வேண்டும்.

ஆகவே எந்தப் பழைய பொருளைக் கைவிடும்போதும் மூன்று கேள்வி கேட்போம். கரண்டும் சிக்னலும் இல்லாத நாளில் புதியது வேலை செய்யுமா? கடைசி லயம் வரைக்கும் வந்துவிட்டதா? அத்தாட்சி யார் கையில் இருக்கும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் சந்தோஷமாக வழியனுப்புவோம். இல்லாவிட்டால் டாக்டர் கொடகும்புர செய்ததைச் செய்வோம். பழையதை இன்னும் கொஞ்ச நாள் பாதுகாப்பாக வைத்திருப்போம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய துண்டு, செக்ரோல் தாள், ஏரோகிராம் கடிதம், ராந்தல், வால்வு ரேடியோ ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் ஒரு நாள் கொடுத்தனுப்புங்கள். வகுப்பில் வைத்துக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். அதைப் பாவித்தவரின் கதையையும் இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பொருளைவிட அது முக்கியம்.

அந்தப் பிள்ளையின் விடைக்கு முழுப் புள்ளி போட்டோம்.