மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிகளும் தகுதி விதிகளும் (இந்தியா)

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவிகளை யார் பெறலாம் என்பதற்கு அடிப்படை, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின. ஆட்டிசம், தசைச்சிதைவு, கற்றல் குறைபாடு, தலசீமியா, பார்கின்சன் நோய், ஆசிட் வீச்சின் பாதிப்பு ஆகியவை புதிதாகச் சேர்ந்தவற்றுள் சில. ஆனால் பட்டியலில் இடம்பெற்ற குறைபாடு இருப்பது மட்டும் போதாது. பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாக அரசு மருத்துவர் சான்றளிக்க வேண்டும்.

இந்தச் சதவீதம் உடலின் அல்லது மனத்தின் பாதிப்பை அளக்கிறதே தவிர, ஒருவர் அன்றாடம் படும் பாட்டை அளப்பதில்லை. ஒரு கண்ணில் பார்வை அறவே இல்லாதவருக்கு மறுகண் நன்றாக இருந்தால் கிடைப்பது 30 சதவீதமே. அவர் இடஒதுக்கீட்டுக்குள் வரமாட்டார். இரண்டு குறைபாடுகள் உள்ளவர்கள் இரு எண்களையும் அப்படியே கூட்டிக்கொள்வதும் தவறு. பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். 40-உம் 30-உம் சேர்ந்தால் 70 ஆகாது. ஏறத்தாழ 57 ஆகும்.

40-ஐ எட்டியவருக்கு அரசு வேலையில் 4 சதவீதமும் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையும் இருக்கிறது. பணமாகக் கிடைக்கும் உதவிகளில்தான் சிக்கல். ஒவ்வொரு திட்டமும் தனக்கென இன்னொரு கோடு கிழித்துக்கொள்கிறது. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதக் குறைபாடும், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பமும் தேவை. 2012-இல் மாதம் 300 ரூபாயாக்கப்பட்ட மத்தியப் பங்கு, இவ்வளவு கடுமையான நிபந்தனைக்கு மிகச் சொற்பம். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அதிலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவில் சேர 75 சதவீதம் வேண்டும்.

பழைய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு வருமான வரியில் பிரிவு 80யு-இன்படி 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாயும், 80 சதவீதத்துக்கு 1,25,000 ரூபாயும் கழிவு உண்டு. இதற்கு வருமான உச்சவரம்பு இல்லை. ரயில்வேயின் வழி வேறு. நடக்க இயலாதவர்களில், துணையின்றிப் பயணிக்க முடியாதவருக்கே கட்டணச் சலுகை. அதற்கெனத் தனிப் படிவத்தில் மருத்துவர் சான்று வேண்டும்.

40 என்ற கோட்டை நீதிமன்றங்கள் இருபுறமும் தளர்த்தியுள்ளன. எழுதுவதில் சிரமம் உள்ள தேர்வருக்கு 40 சதவீதம் இல்லாவிட்டாலும் உதவி எழுத்தர் தர வேண்டும் என்று விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 40-ஐ எட்டியவர் என்பதாலேயே ஒருவரை மருத்துவப் படிப்பிலிருந்து விலக்கக் கூடாது என்று 2024-இல் ஓம்கார் கோண்ட் வழக்கில் சொன்னது. பாதிப்பின் அளவை அல்ல, அந்த மாணவரால் படிக்க முடியுமா என்பதையே குறைபாட்டை மதிப்பிடும் குழு ஆராய வேண்டும் என்பது அதன் சாரம்.

சான்றிதழும், யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் கோரி இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நிலை மாற வாய்ப்பிருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கான தற்காலிகச் சான்றே கிடைக்கும். காலாவதித் தேதியைக் கவனிக்காமல் விட்டால் உதவித்தொகை நின்றுபோகலாம். மருத்துவர் தந்த சதவீதம் குறைவு என்று கருதுபவர் 90 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.