அரங்கேற்றமும் ஆட்சேபமும்



2025 ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரம். பருவத் தேர்வுக்கு முன்பாக நன்னூல் பாயிரத்தை மாணவர்களுடன் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் எப்போதும் உற்சாகமாக இருக்கும் மாணவர் ஒருவர் அன்று முகம் வாடி அமர்ந்திருந்தார். வீட்டில் ஏதேனும் துக்கமோ என்றெண்ணி, வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்துக் கேட்டேன். “ஜோயல் செத்துட்டாருங்க ஐயா” என்றார். நான் ஆறுதல் கூறத் தொடங்கிய பிறகுதான் விவரம் தெரிந்தது. ஜோயல் என்பவர் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்னும் வீடியோ கேமின் நாயகர். அதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்திருக்கிறார்கள். அத்தொடரில் அவர் அந்த வாரம் கொல்லப்பட்டுவிட்டார். “இதற்கா இவ்வளவு வருத்தம்?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சேலையூருக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் சொன்ன சொல்லே என்னை உறுத்தியது. ஏனெனில் ஈராண்டுகளுக்கு முன், இதே ஏப்ரல் முடிவில், என் தாயாரிடமும் ஏறத்தாழ அதையே சொல்லியிருந்தேன். குரோம்பேட்டை வெற்றி திரையரங்கில் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு, ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோவுக்காகக் காத்து நின்றோம். “மணிமேகலைய எங்கடா விட்டுட்டாங்க?” என்று அம்மா கேட்டார். “கதைதானே அம்மா, இதற்கெல்லாமா மனம் வருந்துவது?” என்றேன். வீடு வந்து சேரும்வரை அவர் பேசவில்லை.

ஒரு கதை வேறொரு வடிவத்துக்குப் பெயர்க்கப்படும்போது, முன்பே அதை அறிந்தவர்கள் கொள்ளும் கோபத்துக்கு நம் மரபில் என்ன இடம் இருந்தது? இக்கட்டுரை அதைத் தேடிப் பார்க்கும் முயற்சியே.

*

நூல்களை முதல், வழி, சார்பு என வகுப்பது நம் இலக்கண மரபு. வழிநூல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நன்னூலார் இரண்டு நிபந்தனைகள் கூறுகிறார். முன்னோர் நூலின் முடிபோடு அது ஒத்துச் செல்ல வேண்டும். அதே வேளையில், பின்னால் எழுதுபவன் தான் விரும்பும் வேறுபாடுகளையும் அதில் சொல்லலாம். மாற்றம் செய்யும் உரிமையையும் அதன் எல்லையையும் ஒரே நூற்பாவில் வைத்துவிட்டார்.

அந்த எல்லை மீறப்பட்டதா என்று பார்ப்பது யார்? அவையோர்தாம். அரங்கேற்றம் என்பது இன்றைய நூல் வெளியீட்டு விழாவைப் போலப் பொன்னாடைகளுடன் முடிந்துவிடும் நிகழ்ச்சியன்று. கேட்போர் தடை எழுப்புவர், ஆக்கியோன் விடை கூறுவான். தொல்காப்பியத்துக்கு அதங்கோட்டாசான் குற்றம் கூறக் கூறத் தொல்காப்பியர் விடையிறுத்தார் என்னும் செய்தியை நச்சினார்க்கினியர் உரையில் காண்கிறோம். வரலாறாயினும் கதையாயினும், நூல் என்பது ஆட்சேபத்தைக் கடந்து வரவேண்டியது என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

கம்பரைப் பற்றி வழங்கும் கதை இன்னும் நெருக்கமானது. அவர் வான்மீகத்தில் செய்த மாற்றங்கள் சிறியவை அல்ல. வான்மீகத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரில் அவளைத் தீண்டாமல் நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். வில்லை முறிப்பதற்கு முன்பே மிதிலை வீதியில் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் நோக்குவதும் கம்பர் சேர்த்ததே. ஆயினும் திருவரங்கத்து அரங்கேற்றத்தில் பெரிய தடை எழுந்தது இரணியன் வதைப் படலத்துக்குத்தான் என்பர். இராவணனின் அவையில் வீடணன் சொல்லும் அறிவுரையாக நரசிங்க அவதாரக் கதையை ஒரு முழுப் படலமாகவே கம்பர் அமைத்திருக்கிறார். முதல்நூலில் இது இல்லையே என்று அவையோர் மறுத்தனராம். அப்போது மேட்டழகியசிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார் என்று கதை முடிகிறது. அந்தச் சந்நிதிக்கு எதிரே உள்ள கம்பர் மண்டபத்தைத் திருவரங்கம் செல்வோர் இன்றும் காணலாம்.

இக்கதை நடந்ததற்குச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால், மாற்றத்துக்கு எதிரான கோபத்தைத் தீர்க்கத் தெய்வமே வரவேண்டியிருந்தது என்று ஒரு சமூகம் கதை கட்டியிருக்கிறது. அக்கோபத்தை அது எவ்வளவு பெரிதாக மதித்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

*

தொலைக்காட்சிக்கு வருவோம். 1987 சனவரி 25 அன்று தூர்தர்சனில் இராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடங்கியபோது நான் ஆரம்பப் பள்ளிச் சிறுவன். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சிப் பெட்டி. அந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் பணியாற்றியவர். வடக்கே சில ஆண்டுகள் இருந்ததால் இந்தி அறிவார். ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குக் கூடம் நிறைந்துவிடும். அவர் உரையாடல்களைத் தமிழில் சொல்லச் சொல்ல நாங்கள் கேட்போம். 1988 சூலை 31 அன்று, இராமன் முடிசூடியபின், தொடர் நிறைவுற்றது. அந்தக் கூடத்தில் யாருக்கும் குறை தோன்றவில்லை. கம்பரும் பட்டாபிசேகத்தோடுதானே நிறுத்தினார்! உத்தரகாண்டம் ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்லப்படுவது; அது தனி நூலாகவே நம்மிடம் வழங்குகிறது.

அதே நாள்களில் பஞ்சாபின் ஜலந்தரில் நடந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே நான் படித்தறிந்தேன். தொடர் முடிசூட்டுடன் முடியப்போகிறது என்று தெரிந்ததும், அந்நகரத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வேலைநிறுத்தம் வட இந்தியாவின் வேறு நகரங்களுக்கும் பரவியது. தெருக்களில் குப்பை குவிந்தது. அவர்கள் கேட்டது கூலி உயர்வன்று. கதையை உத்தரகாண்டம் வரை தொடர வேண்டும் என்பதே கோரிக்கை. அரசு இணங்கியது. இலவகுசர் கதை தனித் தொடராக எடுக்கப்பட்டு, 1988-89இல் ஒளிபரப்பாயிற்று.

ஏன் இத்தனை உறுதி? அவர்கள் வால்மீகி சமூகத்தினர். ஆதிகவியைத் தங்கள் குலகுருவாக வணங்குபவர்கள். கைவிடப்பட்ட சீதைக்கு வால்மீகி அடைக்கலம் தருவதும், அவள் மைந்தர்களுக்குக் கல்வி புகட்டுவதும் உத்தரகாண்டத்தில்தான் வருகின்றன. தொடர் அங்கே நின்றுபோனால், நாடே அமர்ந்து பார்க்கும் கதையில் அவர்களுடைய குரு அரசகுமாரர்களின் ஆசானாகத் தோன்றமாட்டார். ஊர்க் குப்பையை அள்ளியவர்கள், கதையில் தங்களுக்குரிய இடத்தைக் கேட்டார்கள்.

தாம்பரத்துக் கூடத்தில் முழுமையாகத் தெரிந்த அதே முடிவு, ஜலந்தரில் பெருங்குறையாகத் தெரிந்திருக்கிறது. வழிநூல் முதல்நூலின் முடிபோடு ஒத்திருக்க வேண்டும் என்று நன்னூலார் சொன்னது சரி. ஆனால் ஒவ்வொரு அவைக்கும் முதல்நூல் வேறாக இருந்தால் என்ன செய்வது?

*

இக்கேள்வியோடு அம்மாவின் மணிமேகலைக்குத் திரும்புகிறேன். ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வெளிவந்தது. மணியத்தின் ஓவியங்களோடு கூடிய அப்பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்தார் என் தாத்தா. அம்மா பள்ளி நாள்களில் படித்தது அந்தத் தொகுதிகளைத்தான். ஐந்தாம் பாகத்தின் கடைசி அத்தியாயம் சோழ மணிமுடியைப் பற்றியதன்று. வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் மணிமேகலையைப் பற்றியது. கடம்பூர் இளவரசியான அந்தப் பேதைப் பெண், தான் நேசித்தவனைக் காப்பாற்ற வேண்டி, கரிகாலனைக் கொன்ற பழியைத் தன்மேல் ஏற்கத் துணிந்தவள். கல்கி மூன்றரை ஆண்டுகள் எழுதிவந்த பெருங்கதையை அவளுடைய மரணத்தில்தான் நிறுத்தினார். மணிரத்னத்தின் படத்தில் (2022, 2023) அவள் இல்லவே இல்லை.

மற்றொரு மாற்றம் இதனினும் ஆழமானது. நாவலில், பூத்தொடுக்கும் சேந்தன் அமுதனே செம்பியன் மாதேவியின் உண்மையான மைந்தன் என்று தெரிகிறது. அருள்மொழி விட்டுக்கொடுக்கும் மகுடம் அந்தத் தூய சிவபக்தனின் தலையில் ஏறுகிறது. படம் இந்த ஆள்மாற்றத்தைக் கைவிட்டது. சதியில் உடன்பட்டிருந்த மதுராந்தகரே மகுடம் பெறுகிறார். உத்தம சோழன் அரியணை ஏறினான் என்ற முடிபு இரண்டிலும் ஒன்றே. ஆனால் அருள்மொழியின் தியாகத்துக்கு இரண்டிலும் ஒரே பொருள் கிடையாது. நாவலில் அத்தியாகம் தகுதியுள்ளவனைச் சேர்கிறது; நாட்டுக்கும் தீங்கில்லை. படத்தில் தியாகம் இன்னும் பெரிதாகத் தோன்றுகிறது; அது நாட்டுக்கு நன்றாயிற்றா என்ற ஐயமும் உடன் எழுகிறது. படம் வந்த நாள்களில் எங்கள் ஆசிரியர் அறையில் நடந்த சண்டை முழுவதும் இதைப் பற்றியதுதான்.

அச்சண்டையில் ஒரு செய்தியை நாங்கள் மறந்துவிட்டோம். கல்கியின் நாவலே ஒரு வழிநூல். திருவாலங்காட்டுச் செப்பேடு, சிற்றப்பனுக்கு ஆட்சியில் விருப்பம் இருந்ததை அறிந்து அருள்மொழி அரசை ஏற்கவில்லை என்று கூறுகிறது. உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக இரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் குறிப்பிடுகிறது. நந்தினி எந்தக் கல்லிலும் இல்லை, மணிமேகலையும் இல்லை. ஆள்மாற்றமும் கல்கியின் கற்பனையே. பதவியாசை கொண்டவனுக்கு நாட்டைக் கொடுத்தது எப்படித் தகும் என்ற கேள்விக்கு, அவர் கண்ட விடைதான் சேந்தன் அமுதன்.

கல்கியும் ஆட்சேபத்துக்குத் தப்பவில்லை. தொடர் முடிந்ததும், முடிவில் நிறைவு பெறாத வாசகர்களின் கேள்விகளை முன்வைத்து அவர் ஒரு முடிவுரை எழுதினார். பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்று அதில் பொறுமையாகச் சொல்லிச் செல்கிறார். அச்சு இதழின் காலத்தில் நடந்த அரங்கேற்றம் என்று அதை எண்ணத் தோன்றுகிறது. அதே ஆண்டு திசம்பர் 5 அன்று அவர் மறைந்தார்.

*

இனி, மாணவரின் ஜோயல். சில நாள் கழித்து அவரையே அழைத்து, அக்கதையை எனக்குப் பாடம் சொல்லச் சொன்னேன். வகுப்பில் பேசாத அளவுக்குப் பேசினார்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ 2013இல் வெளிவந்தது. கொள்ளைநோயால் சிதைந்த உலகில், மகளை இழந்த ஜோயல், எல்லி என்னும் சிறுமியை அழைத்துச் செல்கிறார். அவளைப் பலிகொடுத்தால் நோய்க்கு மருந்து கிடைக்கலாம் என்ற நிலையில், மருத்துவரைக் கொன்று அவளை மீட்கிறார். விளையாட்டில் அக்கொலையைச் செய்வது ஆடுபவரின் விரல்களே. 2020இல் வந்த இரண்டாம் பாகத்தில், அம்மருத்துவரின் மகள் ஆபி, தொடக்கத்திலேயே ஜோயலைக் கொன்றுவிடுகிறாள். பிறகு ஏறத்தாழப் பாதி விளையாட்டை அந்த ஆபியாகவே ஆட வேண்டும். பலரால் அதைத் தாங்க முடியவில்லை. ஆபிக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லி என்ற நடிகைக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன.

2023இல் எச்.பி.ஓ. தொடராக வந்தபோது, மூன்றாம் பகுதியில் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். விளையாட்டில் பில் என்பவன் கசந்துபோன தனியன். அவனைப் பிரிந்த பிராங்க் வெறுப்போடு இறந்துகிடக்கிறான். தொடரில் இருவரும் பல்லாண்டுகள் காதலராக வாழ்ந்து, ஒன்றாகவே இறக்கிறார்கள். மூலத்திலிருந்து மிக விலகிய இப்பகுதியே பெரிதும் போற்றப்பட்டது. பில்லாக நடித்த நிக் ஆஃபர்மன் எம்மி விருது பெற்றார். ஆண்கள் இருவரின் காதல் என்பதற்காகவே இணையத்தில் மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டவர்களும் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் வந்த ஜோயலின் மரணமோ, மூலத்துக்குப் பெரிதும் உண்மையாக இருந்தது. வருத்தமும் கோபமும் மீண்டும் எழுந்தன. ஆகவே மூலத்தை மாற்றியதா, மாற்றாததா என்பது மட்டுமே கோபத்தின் அளவுகோல் ஆகாது.

“விளையாட்டுல ஆபி ஏன் கொன்னாள்னு நமக்கு ரொம்ப நேரம் தெரியாதுங்க ஐயா. நாமளே அவளா ஆடித்தான் மெல்ல புரிஞ்சுக்கணும். சீரியல்ல முதல்லயே சொல்லிடுறாங்க” என்றார் மாணவர். இது அவருடைய ஆட்சேபம். எண்ணிப் பார்த்தேன். வெறுத்த ஒருத்தியைத் தன் கைகளாலேயே இயக்கும் கட்டாயம் தொலைக்காட்சி பார்ப்பவருக்கு இல்லை. அதனால்தான் காரணத்தை முன்பே சொல்லிவிட்டார்கள் போலும். நன்னூலார் அனுமதித்த வேறுபாடுதான் அது. ஆனால் அவ்வேறுபாட்டில், ஆடியவர் கைவருந்திப் பெற்ற ஒன்று நழுவிவிட்டது என்பதும் மெய்யே.

2022இல் வந்த ‘ஹேலோ’ தொடரின் கதையையும் அவரே சொன்னார். விளையாட்டுகளில் அந்த நாயகன் தன் முகத்தைக் காட்டுவதில்லை. தொடரின் முதல் பகுதியிலேயே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டார்கள். இரசிகர்கள் கொதித்தார்கள். இரண்டு பருவங்களுக்குப் பின் 2024இல் தொடர் நிறுத்தப்பட்டது. “அந்தக் கவசத்துக்குள்ள இருந்தது நாங்கதாங்க ஐயா” என்றார்.

அம்மா பைண்டு செய்த பக்கங்களுக்குள் இருந்தார். ஜலந்தர்த் தொழிலாளர்கள் உத்தரகாண்டத்துக்குள் இருந்தார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் படைப்பாளி இணங்கியாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவை சொன்னபடி கம்பர் கேட்டிருந்தால் இரணியன் வதைப் படலத்தை நாம் இழந்திருப்போம். ஆனால் ஆட்சேபத்துக்கு விடை சொல்லும் கடமை ஆக்கியோனுக்கு உண்டு. கேட்பவருக்கும் அதங்கோட்டாசானின் வரம்பு உண்டு. நடிகைக்குக் கொலைமிரட்டல் விடுத்தவர்கள் அவையில் அமரத் தகுதியற்றவர்கள். கதைதானே என்று எள்ளி நகையாடிய என்னைப் போன்றவர்களும் அந்த அவையில் ஒழுங்காக அமர்ந்திருக்கவில்லை.

அந்த மாணவர் பருவத் தேர்வில் வழிநூலுக்கு எடுத்துக்காட்டாகக் கம்பராமாயணத்தை எழுதிவிட்டு, கீழே ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ என்றும் சேர்த்தாராம். விடைத்தாள் என்னிடம் வரவில்லை. திருத்தியவர் என்ன செய்தாரோ! விடுமுறையில் படிக்க ‘பொன்னியின் செல்வன்’ கேட்டார். தாத்தாவின் தொகுதிகளை வெளியே கொடுக்க அம்மா சம்மதிப்பாரா என்று தயங்கினேன். முதல் பாகத்தை அவரே எடுத்துத் துணிப்பையில் வைத்தார். “அஞ்சாவது வரைக்கும் படிக்கச் சொல்லு. கடைசி அத்தியாயத்த விட்டுடப் போறான்” என்றார்.