கடல் கடந்து வந்த பற்கள்

அமேசான் காட்டில் விடியற்காலையில் தொண்டை கிழியக் கத்தும் ஊளைக் குரங்குக்குத் தென் அமெரிக்கா பூர்வீகம் அல்ல. அதன் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். எப்படி வந்தார்கள் என்பதில்தான் வழக்கு. இரண்டு கண்டங்களும் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. அன்று உலகில் குரங்கே கிடையாது. வட அமெரிக்கா வழியாக இறங்கியிருக்குமோ என்றால், அங்கே அக்காலத்துக் குரங்கின் ஒரு பல்கூட அகப்படவில்லை.

பொலிவியாவில் கிடைத்த பிரானிசெல்லாதான் வெகுகாலம் அக்கண்டத்தின் மூத்த குரங்காக இருந்தது. வயது 2.6 கோடி ஆண்டு. அதற்கு முந்தைய பக்கங்கள் எல்லாம் வெள்ளைத்தாள்.

அந்தத் தாளில் எழுத்து விழுந்த இடம் பெருவின் கிழக்கோரம், பிரேசில் எல்லையை ஒட்டிய சாண்டா ரோசா. அங்கே ஆற்றங்கரை மண்ணைச் சல்லடையில் போட்டு அலசினால் மிஞ்சுவது பெரும்பாலும் கல்லும் மீன்முள்ளும். எப்போதாவது ஒரு பல். 2015இல் அறிவிக்கப்பட்ட பெருபிதெகஸின் கடைவாய்ப்பல், லிபியாவில் கிடைத்த ஒரு பழங்குரங்கின் பல்லை ஒத்திருந்தது. 2020இல் தொல்லுயிரியலாளர் எரிக் சைஃபர்ட் குழு அதே இடத்தின் இன்னொரு குரங்கை அறிவித்தது: உகயாலிபிதெகஸ். மொத்தம் நான்கே பற்கள். ஆனால் அவை பாராபிதெசிட் குடும்பத்தின் பற்கள். எகிப்தின் ஃபயூம் பாலைவனம் முதலிய ஆப்பிரிக்க மண்ணில் மட்டுமே அதுவரை தெரிந்த குடும்பம் அது. எலும்பு உடைந்து மக்கிப் போகும், எனாமல் போகாது. கடைவாய்ப்பல்லின் மேடுபள்ளமோ குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். அதனால்தான் நான்கு பற்களை வைத்துக்கொண்டு இவ்வளவு துணிந்து பேச முடிகிறது.

சரி, கடலை எப்படித் தாண்டின? சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவில் பனி குவிந்தது, கடல்மட்டம் தாழ்ந்தது. அட்லாண்டிக்கும் அன்று குறுகல். 1,500 முதல் 2,000 கிலோமீட்டர் இருந்திருக்கலாம். ஆப்பிரிக்க ஆறு ஒன்று வெள்ளத்தில் கரையைப் பெயர்த்து, வேரும் கொடியும் பின்னிய மரத்திட்டைக் கடலில் தள்ளியிருக்க வேண்டும். அதன்மேல் சிக்கியவை சில நூறு கிராம் எடையுள்ள சின்னக் குரங்குகள். கேட்க நம்பச் சிரமம்தான். ஆனால் கினிப்பன்றியின் முன்னோரான கொறிணிகளும் அதே கடலை அதற்கு முன்பே தாண்டியிருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒருமுறை நடந்தால் போதும் என்னும்போது, நடக்காத காரியம் என்று எதைச் சொல்வது?

ஒருமுறைதானா என்பதும் இப்போது கேள்வி. 2023இல் பிரேசிலின் ஆக்ரி மாநிலத்திலிருந்து அஷானிங்காசெபஸ் என்ற இன்னொரு பழங்குரங்கு வந்தது. ஒரே ஒரு மேற்பல். அதன் உறவு தெற்காசியாவில் வாழ்ந்த இயோசிமிட் என்ற பழங்குரங்குக் கூட்டத்தை நோக்கிப் போகிறது. ஆக, கரையேறிய கூட்டம் ஒன்றல்ல. இன்றைய குரங்குகளுக்கு வித்திட்டது அவற்றில் ஒன்று மட்டும். பாராபிதெசிட்டுகள் இரண்டு கண்டங்களிலும் வாரிசின்றி அழிந்தன. உயிரோடு இருப்பவற்றை மட்டும் பார்த்து வம்சாவளி எழுதியிருந்தால், இப்படிச் சிலர் வந்திறங்கினார்கள் என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

பிழைத்த கூட்டமும் கடலை அத்தோடு விடவில்லை. பனாமா கால்வாயை அகலப்படுத்தத் தோண்டியபோது ஏழு பற்கள் கிடைத்தன. பனாமாசெபஸ் என்று 2016இல் பெயரிட்டார்கள். வயது 2.1 கோடி ஆண்டு. இரண்டு அமெரிக்காக்களுக்கும் இடையே அன்று நிலப்பாலம் கிடையாது. குறைந்தது 160 கிலோமீட்டர் தண்ணீர்தான்.