காலிப் படுக்கைகளும் வசந்தகால விடுமுறையும்: ஃபுளோரிடா உல்லாசக் கப்பல்களின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிகளும் கல்லூரிகளும் மார்ச் தொடக்கத்துக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையே ஏதேனும் ஒரு வாரம் விடுமுறை விடுவது வழக்கம். ‘ஸ்பிரிங் பிரேக்’ எனப்படும் இந்த வசந்தகால விடுமுறையில், பெற்றோர், பிள்ளைகள், சில வேளைகளில் தாத்தா பாட்டி என மூன்று தலைமுறையினரும் மியாமி, ஃபோர்ட் லாடர்டேல், கனாவரல் ஆகிய ஃபுளோரிடாத் துறைமுகங்களில் ஒரே கப்பலில் ஏறி, பஹாமாஸ், கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டுத் திரும்புவது அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்றாகிவிட்டது. கடல் மீது குடும்பங்களுக்கு இருந்த ஆசையே இவ்வழக்கத்தைத் தோற்றுவித்தது என்று எண்ணத் தோன்றலாம்; ஆனால் இதன் வரலாற்றில் எந்தத் திருப்பத்தை எடுத்துக்கொண்டாலும், வேலையின்றி நின்ற கப்பலுக்கு ஆள் தேடிய முதலாளியின் கவலையே முன்னிற்கிறது; குழந்தையோ பயணிகளின் வரிசையில் கடைசியாகவே வந்து சேர்ந்தது.

அக்கவலைக்கு முதலில் விடை கண்டவர்களுள் முக்கியமானவர், ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கடல் கொந்தளிப்பதால் ஐரோப்பாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பயணிகள் குறைந்துவிடுவர். பெரும் பொருட்செலவில் கட்டிய கப்பல்கள் அம்மாதங்களில் துறைமுகத்தில் சும்மா நிற்கும். அவற்றுள் ஒன்றான ‘அகஸ்டா விக்டோரியா’வை, உடன் பணியாற்றியோரின் ஐயத்தையும் பொருட்படுத்தாமல், 1891 ஜனவரி 22 அன்று 241 பயணிகளுடன் குக்ஸ்ஹாவன் துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார் பாலின். போய்ச் சேர வேண்டிய ஊர் என்று எதுவுமில்லாமல், பயணத்துக்காகவே பயணம் செய்ய மக்கள் பணம் தருவர் என்பது அப்போது உறுதிப்பட்டது. எனினும் அப்பயணிகள் செல்வந்தர்கள்; பிள்ளைகளுக்கென்று அக்கப்பல்களில் தனி ஏற்பாடு எதுவும் இல்லை.

ஆண்டு முழுவதும் கப்பல்கள் சும்மா நிற்கும் நிலை 1958க்குப் பின் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. ஐந்து நாள் கடற்பயணம் சில மணி நேரமாகச் சுருங்க, ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆளைக் கொண்டுசேர்க்கும் தொழிலைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கப்பல்கள் ஏறக்குறைய முற்றிலும் இழந்தன.

மியாமியின் புதிய தொழில், இடமிழந்த ஒரு கப்பலும் கப்பல் இழந்த ஒரு வணிகரும் சந்தித்ததில் பிறந்தது. நார்வே நாட்டுக் கப்பல் முதலாளி குனுட் குளோஸ்டர், இங்கிலாந்திலிருந்து ஜிப்ரால்டருக்கு விடுமுறைப் பயணிகளை அவர்களது கார்களோடு ஏற்றிச் செல்ல ‘சன்வர்ட்’ என்னும் கப்பலைக் கட்டியிருந்தார். வெளிநாட்டில் செலவழிக்கும் பணத்துக்குப் பிரிட்டிஷ் அரசு விதித்த வரம்பும், ஜிப்ரால்டர் தொடர்பாகப் பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் மூண்ட பூசலும் அத்திட்டத்தைக் குலைத்தன. அதே வேளையில் மியாமியில் டெட் அரிசன் என்பவரிடம் முன்பதிவு செய்த பயணிகள் இருந்தனர், ஏற்றிச் செல்லக் கப்பல் இல்லை. இருவரும் கைகோத்ததன் விளைவாக, 1966 டிசம்பரில் ‘சன்வர்ட்’ மியாமியிலிருந்து பஹாமாஸ் தலைநகரான நாசாவுக்குப் புறப்பட்டது. குறுகிய நாள்கள், குறிப்பிட்ட கிழமையில் தவறாத புறப்பாடு, நடுத்தர வருவாயினருக்கு எட்டும் கட்டணம் என்ற மூன்றும் சேர்ந்த இந்த அமைப்பே இன்றுவரை அத்தொழிலின் அடித்தளம். கூட்டு முறிந்தபின் அரிசன் தொடங்கிய ‘கார்னிவல்’ நிறுவனமும், கனடாவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றுகொண்டிருந்து வேலை இழந்த ஒரு பழைய கப்பலை வாங்கியே பிழைப்பைத் தொடங்கியது. ‘மார்டி கிரா’ என்று புதுப் பெயர் சூட்டப்பட்ட அக்கப்பல் 1972 மார்ச்சில், முதல் பயணத்திலேயே, மியாமித் துறைமுக வாயிலில் மணல்திட்டில் தட்டி நின்றது.

நாசாவை இத்தனை கப்பல்கள் நாடியதற்கு அதன் வெண்மணலும் நீலக் கடலும் மட்டும் காரணமல்ல. 1886ஆம் ஆண்டின் பயணிகள் கப்பல் சேவைச் சட்டம், வெளிநாட்டுக் கொடியுடன் இயங்கும் கப்பல், இடையில் வேற்று நாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளைக் கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. இத்தொழிலின் கப்பல்களோ பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, லைபீரியா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை. அங்கு வரியும் குறைவு, அமெரிக்கத் தொழிலாளர் சட்டங்களின் பிடியும் தளர்வு. ஆகவே மியாமியில் புறப்பட்டு மியாமிக்கே திரும்பும் கப்பல் வழியில் துறைமுகங்களைத் தொடுவதானால், அவற்றுள் ஒன்றேனும் அயல்நாட்டுக் கரையாக இருந்தாக வேண்டும். ஓரிரவில் எட்டிவிடும் நாசா அதற்கு வாய்ப்பாக அமைந்தது. உள்நாட்டுப் படகுத் தொழிலைக் காக்க பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய சட்டம், பிற்காலத்துப் பிள்ளைகளின் விடுமுறைப் பாதையை வரைந்து தந்தது.

வசந்தகால விடுமுறையும் தொடக்கத்தில் குடும்பங்களுக்கு உரியதாக இருக்கவில்லை. 1930களில் வடமாநிலக் கல்லூரிகளின் நீச்சல் வீரர்கள் பயிற்சிக்காக ஃபோர்ட் லாடர்டேலின் ‘கசினோ’ நீச்சல் குளத்துக்கு வரத் தொடங்கினர்; அவர்கள் ஊர் திரும்பிச் சொன்ன செய்தி பரவி, மாணவர்கள் ஆண்டுதோறும் அந்நகரக் கடற்கரையை நிறைக்கலாயினர். 1960இல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படம் அக்கூட்டத்தைப் பன்மடங்காக்கியது. 1985இல் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் மாணவர்கள் அங்குக் குவிந்து, குடியும் கூச்சலும் எல்லை மீறியதால், நகர நிர்வாகம் தெருவில் மது அருந்துவதற்குத் தடை முதலிய கடுமையான விதிகளைக் கொண்டுவந்து அவர்களை விலக்கியது. மாணவர் கூட்டம் வேறு கடற்கரைகளைத் தேடிச் சென்றது. அதே நகரின் எவர்கிளேட்ஸ் துறைமுகமோ அடுத்த தலைமுறையில் உலகின் மிகப் பெரிய உல்லாசக் கப்பல் துறைமுகங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

குழந்தையைக் கப்பலுக்கு முறையாக அழைத்தது, கனாவரல் துறைமுகத்திலிருந்து 1984இல் இயங்கத் தொடங்கிய ‘பிரிமியர்’ என்னும் நிறுவனம். ஆர்லாண்டோவுக்கு அருகே 1971இல் திறக்கப்பட்டிருந்த டிஸ்னி கேளிக்கைப் பூங்கா அத்துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருந்தது. பாதி வாரம் கப்பலிலும் மீதி வாரம் பூங்காவிலுமாக ஒரே சீட்டில் விடுமுறையை விற்றதுதான் அந்நிறுவனம் கண்ட புதுமை. செந்நிறம் பூசிய அதன் கப்பல்களில் 1993 வரை டிஸ்னியின் கதைமாந்தர்கள் வேடமிட்டு உலவினர். பின்னர் டிஸ்னியே தொழிலில் இறங்கி, 1998இல் ‘டிஸ்னி மேஜிக்’ கப்பலை ஓட்டத் தொடங்கியது. அதன் பெரும்பாலான அறைகளில் கழிப்பறையும் குளியல் தொட்டியும் தனித்தனிக் கதவுகளுக்குப் பின் வைக்கப்பட்டு, இரண்டிலும் கைகழுவும் தொட்டி பொருத்தப்பட்டது. ஒரு பிள்ளையைத் தாய் குளிப்பாட்டும்போதே மற்றொரு பிள்ளை பல் துலக்க முடியும். காலைச் சிற்றுண்டிக்கு நான்கு பேர் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டிய சிற்றறையின் நெருக்கடியை நன்கு அறிந்தவர்கள் வரைந்த திட்டம் அது. கப்பற்கட்டுக்கலையின் வரலாற்றில் என்ஜின்களுக்கும் எஃகுக்கும் நிகராகக் குறிப்பிடத் தகுந்தது.

இதன் பின்னுள்ள கணக்கும் எளிதுதான். கப்பல் அறையின் கட்டணம் இருவருக்கு என்ற அடிப்படையிலேயே வகுக்கப்படுகிறது. பகலில் சுவரிலோ கூரையிலோ மடங்கியிருந்து, இரவில் பணியாளர் இறக்கி விரித்து, சிறு ஏணி சாத்தும் மேல்படுக்கைகள் கூடுதலாக இருக்கின்றன. இணையர் மட்டும் பயணம் செய்யும் மாதங்களில் அவை மடிந்தே கிடக்கும். பள்ளி விடுமுறையில்தான் நிரம்பும். 2024இல் மியாமியிலிருந்து இயங்கத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலில் அறைக்கு இருவர் என்று கொண்டால் 5,610 பயணிகள். எல்லாப் படுக்கைகளையும் நிரப்பினால் சுமார் 7,600 பேர். இடைப்பட்ட இரண்டாயிரத்தின் பெரும் பகுதி பிள்ளைகளுக்கானது. பாலினின் காலத்தில் முழுக் கப்பலே காலியாக நிற்கும் என்ற அச்சம், இங்கே மூன்றாவது, நான்காவது படுக்கை காலியாகுமோ என்ற அச்சமாக உருமாறி நிற்கிறது.

தீவுகள் இதனால் அடைந்தது என்ன என்பது பாராட்டோடு கடந்துபோகக் கூடிய கேள்வியன்று. 1977இல் குளோஸ்டரின் நிறுவனம் பஹாமாஸின் ‘கிரேட் ஸ்டிரப்’ தீவைத் தன் வசமாக்கியதிலிருந்து, கப்பல் நிறுவனங்கள் தமக்கென்றே தனித்தீவுகளை அமைத்துக்கொண்டன. பிள்ளைகளுக்கு அவை பாதுகாப்பானவை, மறுப்பதற்கில்லை. ஆனால் பயணி அங்கே செலவிடும் பணத்தின் பெரும் பகுதி நிறுவனத்துக்கே திரும்புகிறது. நாசாவின் சந்தையில் ஓலைக் கூடையும் தொப்பியும் விற்கும் பெண்களை அது எட்டுவதில்லை. கப்பலுக்குள்ளும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வரும் பணியாளர்கள், தம் பிள்ளைகளைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டு, பிறர் பிள்ளைகளின் படுக்கையை விரித்துப் போடுகின்றனர். குடும்ப விடுமுறை என்னும் இத்தொழில் இப்பிரிவின் மீதே நடக்கிறது என்பதைப் பதிவு செய்யாத வரலாறு முழுமையாகாது.

2020 மார்ச் 14 அன்று, வசந்தகால விடுமுறையின் நடுவே, கொரோனாத் தொற்றின் காரணமாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் உல்லாசக் கப்பல்களை நிறுத்த ஆணையிட்டது. அமெரிக்கத் துறைமுகங்களில் கட்டணப் பயணிகளுடன் அவை மீண்டும் புறப்பட ஓராண்டுக்கு மேலாயிற்று. வருவாயின்றி நின்ற நிறுவனங்கள் பழைய கப்பல்களைக் கைவிட்டன. அவற்றுள் ஒன்று, மியாமிக்கும் பஹாமாஸுக்கும் இடையே மூன்று நான்கு நாள் குறும்பயணங்களுக்காகவே கட்டப்பட்டு 1990இல் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் ஓடத் தொடங்கிய கப்பல். இந்திய நிறுவனம் ஒன்று அதை வாங்கி, ‘எம்பிரஸ்’ என்ற பெயரில் 2022 ஜூனில் சென்னையிலிருந்து இயக்கியது. ஃபுளோரிடாவில் செய்ததைப் போலவே கடலில் குறுகிய சுற்றையும் குடும்பச் சீட்டையும் விற்ற அக்கப்பல், 2023 ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை ஆகிய துறைமுகங்களைத் தொட்டு, உள்நாட்டுப் போரால் முடங்கிக் கிடந்த காங்கேசன்துறைக்கும் சென்னைப் பயணிகளைக் கொண்டுசேர்த்தது.