தடுப்பூசி

'தடுப்பு', 'ஊசி' என்னும் இரு சொற்கள், நிலைமொழி ஈற்று உகரம் கெட்டுப் புணர்ந்து 'தடுப்பூசி' ஆயிற்று. பெரியம்மைக் காலத்தில் 'அம்மை குத்துதல்' என்பதே மக்கள் வழக்கு. சொல் ஊசியைச் சுட்டினும் தடுப்பது உடலே: வலுவிழந்த கிருமியையோ அதன் கூறையோ மருந்து அறிமுகப்படுத்த, வெள்ளணுக்களுள் பி அணுக்கள் கிருமியைப் பற்றும் புரதமாகிய எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன, டி அணுக்கள் தொற்றுற்ற உயிரணுக்களை எதிர்க்கின்றன, இருவகையிலும் சில, நினைவணுக்களாக நெடுங்காலம் தங்கி, மெய்யான கிருமி புகுந்தால் விரைந்து பெருகுகின்றன. கறம்பக்குடி உள்ளிட்ட தமிழக ஊர்களில் பிறந்த குழந்தையின் இடது மேற்கையில் போடப்படும் பி.சி.ஜி., காசநோய்த் தடுப்பூசியாகும். இதனைத் தயாரிக்கச் சென்னை கிண்டியில் 1948இல் ஆய்வகம் நிறுவப்பட்டது. ஊசி போட்ட இடம் சில வாரங்களில் கொப்புளமாகிப் பெரும்பாலும் தழும்பாக ஆறுவது, பெற்றோர் அஞ்சவேண்டாத இயல்பான விளைவாகும்.